ஸ்டேஷன் மாஸ்டர் எங்கே போனார்? ஜப்பானின் ஆளில்லா ரயில் நிலையங்கள்

அந்தக் கதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். பனி மூடிய ஜப்பானியக் கிராமம், மரத்தால் கட்டிய சின்ன ரயில் நிலையம், பள்ளிச் சீருடையில் ஒரே ஒரு மாணவி. 'இந்த ஒரு பெண் படிப்பதற்காகவே ஜப்பானில் தினமும் ஒரு ரயில் ஓட்டினார்கள்' என்று கீழே எழுதியிருக்கும். படித்ததும் மனம் இளகிவிடும். எனக்கும் இளகியது. ஆனால் அதில் பாதிதான் உண்மை. அந்த மாதிரி நிலையங்கள் எப்படி இயங்குகின்றன என்பது பலருக்கும் தெரியாததால் மீதிப் பாதி வந்து ஒட்டிக்கொண்டது.

இதே மாதிரி நிலையங்களை யூடியூபில் 'பேய் நிலையம்', 'கைவிடப்பட்ட நிலையம்' என்று காட்டுகிறவர்கள் உண்டு. 'டிக்கெட் கேட்க ஆளே கிடையாது, அங்கே எல்லாம் நம்பிக்கையில் ஓடுகிறது' என்று மெச்சுகிறவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை. ஆளில்லா நிலையம் என்றால் என்ன, யாரும் இல்லாத இடத்தில் ரயில் எப்படிப் பத்திரமாக வந்து நின்று போகிறது, காசை யார் வாங்குகிறார்கள் என்று அடியிலிருந்து பார்ப்போம்.

பஸ் ஸ்டாண்டும் பஸ் ஸ்டாப்பும்

ஒரு டவுனில் பஸ் ஸ்டாண்ட் இருக்கிறது. அங்கே நேரக் காப்பாளர் உண்டு, விசாரணை அறை உண்டு, அறிவிப்பு உண்டு. அதே பஸ் பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு புளியமரத்தடியில் நிற்கிறது. அங்கே ஒரு நிழற்குடை மட்டும்தான். அந்த நிழற்குடையில் ஊழியர் இல்லை என்பதற்காக யாரும் அதைக் 'கைவிடப்பட்டது' என்று சொல்வதில்லை. பஸ் வரும், ஆள் ஏறும், கண்டக்டர் பஸ்ஸுக்குள்ளேயே டிக்கெட் கொடுப்பார்.

ஜப்பானின் ஆளில்லா ரயில் நிலையம் கிட்டத்தட்ட அந்த நிழற்குடைதான். ஜப்பானிய மொழியில் அதன் பெயர் முஜின்-எகி. 'மு' என்றால் இல்லை, 'ஜின்' என்றால் ஆள், 'எகி' என்றால் ரயில் நிலையம். ரயில்வே ஊழியர் பணியில் அமர்த்தப்படாத நிலையம் என்பதுதான் அந்தச் சொல்லின் முழுப் பொருள். விளக்கு எரியும், கால அட்டவணை ஒட்டியிருக்கும், ரயில் அதன் நேரத்துக்கு வந்து நிற்கும்.

இது ஏதோ அபூர்வமான விஷயம் என்று நினைத்தால் அதுவும் தவறு. 2020 மார்ச் கணக்குப்படி ஜப்பானில் மொத்தம் 9,465 ரயில் நிலையங்கள். அவற்றில் 4,564 ஆளில்லாதவை. ஏறக்குறைய பாதி! ஷிகோகு தீவிலுள்ள கோச்சி மாநிலத்தில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இப்படித்தான்.

எல்லாமே மலைக்காட்டில் இருப்பவையும் அல்ல. தோக்கியோவை ஒட்டிய யோகோஹாமா, கவாசாகி தொழிற்பேட்டைக்குள் ஓடும் த்சுருமி ரயில் பாதையில், தொடங்கும் நிலையத்தைத் தவிர மற்ற நிலையங்களில் 1971 முதலே ஊழியர்கள் இல்லை. அந்தப் பாதையின் ஒரு கிளை முடியும் இடம் உமி-ஷிபாவுரா. பிளாட்பாரத்தின் ஓரத்துக்குக் கீழே கடல் கால்வாயின் தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கும். வெளியே போகும் வழி நேராகத் தோஷிபா தொழிற்சாலையின் வாயில். ஊழியர் அட்டை இல்லாதவர்கள் அதைத் தாண்ட முடியாது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பக்கத்திலுள்ள சின்னப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்ப வேண்டியதுதான்.

ஆக, இதுவரை: ஆளில்லா நிலையம் என்பது மூடப்பட்ட நிலையம் இல்லை. ஜப்பானில் அது வழக்கமான ஒரு வகை.

அங்கே ஆள் எதற்கு இருந்தார்?

ஆள் எப்படிப் போனார் என்று புரிய வேண்டுமானால், முதலில் அவர் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று தெரிய வேண்டும். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார் என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். உண்மையில் டிக்கெட் அவருடைய சின்ன வேலை. அவருடைய பெரிய வேலை, இரண்டு ரயில்கள் மோதாமல் பார்த்துக்கொள்வது.

சாலையில் ஒரு பக்கம் தோண்டிப்போட்டு வேலை நடக்கும்போது பார்த்திருப்பீர்கள். இரண்டு முனையிலும் கொடியோடு ஆள் நிற்பார்கள். சில இடங்களில் கடைசி வண்டியிடம் ஒரு கொடியைக் கொடுத்து அனுப்புவார்கள். அது மறுமுனைக்கு வந்து சேர்ந்தால்தான் அந்தப் பக்கத்து வண்டிகளை விடுவார்கள். கிராமப்புற ரயில் பாதை பெரும்பாலும் ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் ரயில்கள் நிலையத்தில்தான் விலகிக்கொள்ள முடியும். அங்கேயும் இதே உத்திதான். ஒவ்வொரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடைப்பட்ட துண்டுக்கு ஒரு உலோக வில்லை. அதைக் கையில் வைத்திருக்கும் ஓட்டுநர் மட்டும்தான் அந்தத் துண்டுக்குள் நுழையலாம். பிரிட்டனில் பிறந்த இந்த டோக்கன் முறை இந்தியாவிலும் இலங்கையிலும் ஜப்பானிலும் ஒரே மாதிரி ஓடியது. பெரிய வளையத்தில் தொங்கும் பையில் வில்லையைப் போட்டு, ஓடும் ரயிலின் ஓட்டுநரிடம் எட்டிக் கொடுக்கும் காட்சியை நம் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள்.

இந்த வில்லையைக் கொடுக்க, வாங்க, ரயிலைப் பாதை மாற்றிவிடும் நெம்புகோலை இழுக்க, சிக்னல் போட ஒவ்வொரு சின்ன நிலையத்திலும் ஆள் வேண்டும். அதோடு பார்சல் வரும், அரிசி மூட்டை வரும், மரம் ஏற்ற வேண்டும். ஒரு கிராம நிலையத்துக்கே பலர் தேவைப்பட்டார்கள்.

இந்த வேலைகள் ஒவ்வொன்றாக அங்கிருந்து கிளம்பின.

முதலில் போனது சிக்னல் வேலை. 1950களில் ஜப்பானுக்கு மையக் கட்டுப்பாட்டு முறை வந்தது. தண்டவாளத்தில் மெல்லிய மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். ரயிலின் இரும்புச் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடுவதால் அந்த மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடும். அதை வைத்து எந்தத் துண்டில் ரயில் நிற்கிறது என்பது தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு அறைப் பலகையில் விளக்காகத் தெரியும். அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர் அங்கிருந்தபடியே சிக்னலையும் பாதையையும் மாற்றுவார். ஒரு முழுப் பாதைக்கும் ஒரு அறை போதும். வில்லைக்கும் நெம்புகோலுக்கும் நின்ற ஆட்கள் தேவையில்லாமல் போனார்கள்.

அடுத்தது சரக்கு. விரைவுச்சாலைகள் பெருகின, லாரிகள் பெருகின, 1976இல் வீட்டு வாசலுக்கே பார்சல் கொண்டுவரும் தக்கியூபின் சேவையும் தொடங்கியது. நிலையம் நிலையமாக நின்று சரக்கு ஏற்றும் முறையை ஜப்பான் தேசிய ரயில்வே 1984இல் கைவிட்டது. பயணி ரயிலில் பார்சல் அனுப்புவதும் 1986இல் நின்றது.

சரக்கு ரயிலின் கடைசியில் கார்டு உட்கார்ந்துவரும் பெட்டியும் அதே காலத்தில் வேண்டாததாகிவிட்டது. ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் அந்தப் பெட்டிகளின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பாழடைந்த நிலையக் கட்டடங்களுக்குப் பதிலாகப் பயணிகள் காத்திருக்கும் அறையாக வைத்தார்கள். இன்றும் சில இடங்களில் அப்படியே இருக்கின்றன. 'தருமா' என்ற காலில்லாத ஜப்பானிய பொம்மை மாதிரி இருப்பதால் ரயில் ரசிகர்கள் அவற்றைத் 'தருமா நிலையம்' என்று அழைக்கிறார்கள்.

மிஞ்சியது டிக்கெட் மட்டும். ஒரு நாளைக்கு இருபது, முப்பது பேர் ஏறும் இடத்தில் அதற்காக ஒரு ஊழியரைக் காலை முதல் இரவு வரை உட்கார வைக்க முடியுமா? தேசிய ரயில்வேக்கு அப்போது கழுத்து வரை கடன். 1987 ஏப்ரல் 1 அன்று அதைப் பிரித்துத் தனி நிறுவனங்களாக்கியபோது கடன் சுமார் 37 லட்சம் கோடி யென். அதற்கு முன்பே, 1980இல் வந்த ஒரு சட்டத்தின்படி, ஆள் குறைந்த 83 பாதைகள் பட்டியலிடப்பட்டு, பஸ்ஸாகவோ உள்ளூர் நிறுவனங்களின் ரயிலாகவோ மாற்றப்பட்டன. பாதையே போகாமல் தப்பிய இடங்களில் நிலையத்திலிருந்து ஊழியர் போனார்.

சுருக்கமாகச் சொன்னால், நிலையத்து வேலைகளில் சில நின்றுபோயின. சில வேறு இடத்துக்குப் போய்விட்டன. சிக்னல் கட்டுப்பாட்டு அறைக்குப் போனது. டிக்கெட் எங்கே போனது என்பதுதான் அடுத்தது.

டிக்கெட் ரயிலுக்குள் போனது

ஒரு கிராமத்து நிலையத்தில் ரயில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வருவது பெரும்பாலும் ஒற்றைப் பெட்டி டீசல் ரயில். முகப்பில் 'வான்மன்' என்று எழுதியிருக்கும். 'ஒன் மேன்' என்ற ஆங்கிலச் சொல்லை ஜப்பானியர்கள் இப்படி ஆக்கிக்கொண்டார்கள். கார்டு இல்லாமல் ஓட்டுநர் ஒருவரே நடத்தும் ரயில் என்று பொருள்.

நீங்கள் பின்கதவில் ஏற வேண்டும். குளிர்ப் பகுதிகளில் கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அமுக்க வேண்டும். ஏறியதும் கதவருகே ஒரு சின்னப் பெட்டி துண்டுச்சீட்டு ஒன்றை நீட்டும். கட்டைவிரல் அகலமுள்ள மெல்லிய தாள். அதில் ஒரு எண், உதாரணமாக 7. இதற்குச் செய்ரிகென் என்று பெயர். நீங்கள் எங்கே ஏறினீர்கள் என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

இப்போது ஓட்டுநரின் தலைக்கு மேலே பாருங்கள். 1, 2, 3 என்று எண்கள் வரிசையாக இருக்கும் ஒரு பலகை. ஒவ்வொரு எண்ணுக்குக் கீழும் ஒரு தொகை. ரயில் ஒவ்வொரு நிலையத்தைத் தாண்டும்போதும் தொகைகள் மாறும். உங்கள் 7க்குக் கீழே இறங்கும் நேரத்தில் என்ன தொகை இருக்கிறதோ அதுதான் உங்கள் கட்டணம். தாளையும் சரியான சில்லறையையும் ஓட்டுநர் பக்கத்திலுள்ள கண்ணாடிப் பெட்டியில் போட வேண்டும். பெட்டி மீதி தராது. சில்லறை இல்லையென்றால் ரயில் ஓடும்போதே முன்னால் போய், அதே இயந்திரத்தின் தனி வாயில் நோட்டைக் கொடுத்து மாற்றி வைத்துக்கொள்வார்கள். கண்ணாடி வழியாக ஓட்டுநர் ஒரு பார்வை பார்ப்பார், தலையசைப்பார், நீங்கள் முன்கதவில் இறங்கலாம். ஆளில்லா நிலையத்தில் அந்த ஒரு கதவுதான் திறக்கும். இது தெரியாமல் பின்கதவருகே நின்றுகொண்டு இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிடும் வெளியூர்க்காரர்கள் நிறைய.

ஓட்டுநரின் வேலைப் பட்டியலைக் கவனியுங்கள். ரயில் ஓட்டுகிறார், கதவைத் திறந்து மூடுகிறார், கண்ணாடியில் பிளாட்பாரத்தைப் பார்க்கிறார், கட்டணம் சரிபார்க்கிறார், வழி கேட்கும் பாட்டிக்குப் பதில் சொல்கிறார். நிலையத்தில் இல்லாத ஆள் அவருக்குள் இருக்கிறார். எங்கும் அதிநவீனம் என்று ஜப்பானைப் பற்றி நமக்கு ஒரு எண்ணம் உண்டல்லவா? இங்கே முக்கியமான கருவிகள் ஒரு துண்டுத்தாளும் ஒரு காசுப் பெட்டியும்தான். 2001இல் வந்த சுய்கா போன்ற தட்டும் அட்டைகளுக்குச் சில ஆளில்லா நிலையங்களில் கம்பம் நட்டிருக்கிறார்கள். அட்டை செல்லாத கிராமப் பாதைகள் இன்னும் நிறைய உண்டு.

சரி, ஏமாற்ற முடியாதா? முடியும். அதற்கென்று ஜப்பானில் ஒரு பழைய பெயரே இருக்கிறது, கிசெரு. கிசெரு என்பது புகைக்குழாய். வாய் வைக்கும் நுனியும் புகையிலை வைக்கும் நுனியும் உலோகம், நடுவில் வெறும் மூங்கில். ஜப்பானிய மொழியில் உலோகத்துக்கும் பணத்துக்கும் 'கனே' என்ற ஒரே சொல். இரண்டு முனையிலும் கொஞ்சம் காசு கொடுத்துவிட்டு நடுவில் ஓசியில் போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? பெயரே புழங்கும் அளவுக்கு இந்த ஏமாற்று அங்கே இருந்திருக்கிறது. பெரும்பாலானவர்கள் நேர்மையாகக் கட்டுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் 'நம்பிக்கையில் மட்டும் ஓடுகிறது' என்பது ஓட்டுநர் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் கவனிக்காதவர்கள் சொல்வது.

தபால்காரர், பக்கத்துக் கடை, ஒரு பூனை

ஆளுள்ள நிலையத்துக்கும் ஆளில்லா நிலையத்துக்கும் நடுவே இன்னொரு வகை உண்டு. ரயில்வே ஊழியர் இருக்க மாட்டார். ஆனால் டிக்கெட் விற்கும் பொறுப்பை ஊர்க்காரர் ஒருவரிடமோ, கடையிடமோ, உள்ளூர் நிர்வாகத்திடமோ ஒப்படைத்திருப்பார்கள். நம் ஊர் ஹால்ட் நிலையங்களில் கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஏஜென்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிபா மாநிலக் கடலோரத்தில் எமி என்றொரு நிலையம். 2020இல் அங்கே தபால் நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் ஒரே கட்டடமாக்கினார்கள். தபால் ஊழியர்களே ரயில் டிக்கெட்டும் கொடுக்கிறார்கள். கிராமத்தில் தபால் நிலையத்துக்கும் ஆள் வரத்து குறைவு, ரயிலுக்கும் குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஒரு ஆளுக்கு வேலை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

வகாயாமா மாநிலத்தின் கிஷி நிலையத்தில் 2006இல் ஊழியரை எடுத்துவிட்டார்கள். பக்கத்துக் கடையில் வளர்ந்த தாமா என்ற பூனை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. ரயில் நிறுவனம் 2007 ஜனவரியில் அதற்குத் தொப்பி மாட்டி ஸ்டேஷன் மாஸ்டராக நியமித்தது. பார்க்கக் கூட்டம் வந்தது. மூடப்படும் நிலைக்குப் போய்வந்த பாதையில் பயணிகள் கூடினார்கள். 2015இல் தாமா இறந்த பிறகும் வேறு பூனைகள் அந்தப் பதவிக்கு வந்தன.

அந்த மாணவியின் கதை

இப்போது முதலில் சொன்ன கதைக்கு வரலாம். அந்த நிலையம் ஹொக்கைடோவிலுள்ள க்யூ-ஷிராடகி. 2016 ஜனவரியில் கதை உலகம் முழுக்கப் பரவியபோது பக்கத்திலுள்ள கமி-ஷிராடகியின் பெயரைத் தவறாகப் போட்டுவிட்டார்கள். பலர் இன்றும் அதையே பகிர்கிறார்கள். க்யூ-ஷிராடகியில் வழக்கமாக ஏறியவர் உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருவர் மட்டும்தான் என்பது உண்மை. அவர் படிப்பு முடிந்த அந்த மார்ச்சில் நிலையம் மூடப்பட்டதும் உண்மை.

ஆனால் ரயில் அவருக்காக ஓடவில்லை. அது செகிஹொக்கு பிரதானப் பாதை. விரைவு ரயில்கள் போகும் பாதை. கிடாமிப் பகுதியில் விளையும் வெங்காயத்தைப் பருவத்தில் சரக்கு ரயிலில் ஏற்றிக்கொண்டு போகும் பாதை. அவர் ஏறிய ரயிலில் வேறு மாணவர்களும் இருந்தார்கள். அவர் ஏறாவிட்டாலும் அந்த ரயில் ஓடியிருக்கும். க்யூ-ஷிராடகியில் நின்று போவதை நிறுத்தவில்லை, அவ்வளவுதான். மார்ச் மாதம் என்பதும் தற்செயல் இல்லை. ஜப்பானில் ரயில் அட்டவணை மாறுவதும் மார்ச்சில், பள்ளி ஆண்டு முடிவதும் மார்ச்சில். 2016 மார்ச் 26 அன்று வந்த புதிய அட்டவணையில் கமி, க்யூ, ஷிமோ என்ற மூன்று ஷிராடகிகளும் சேர்ந்தே மறைந்தன.

ஊழியருக்குச் சம்பளம் இல்லாத நிலையத்தை மூடி என்ன மிச்சமாகப் போகிறது என்று தோன்றலாம். ஹொக்கைடோவில் பனி அதிகம். பிளாட்பாரத்திலிருந்து பனியை வாரிக் கொட்ட ஆள் வர வேண்டும், விளக்குக்கும் பழுதுக்கும் செலவு. 2021 மார்ச்சில் மட்டும் ஹொக்கைடோவில் 18 நிலையங்கள் மூடப்பட்டன. இன்னும் 18 நிலையங்களின் பராமரிப்பை உள்ளூர் நிர்வாகங்கள் தாங்களே ஏற்றுக்கொண்டன.

அப்படி ஊர் கைகொடுத்து நிற்கும் நிலையங்களில் ஒன்று கொபோரோ. இரண்டு சுரங்கங்களுக்கு நடுவே நூறு மீட்டர்கூட இல்லாத திறந்த வெளியில் இருக்கிறது. சுற்றிலும் செங்குத்து மலை, கீழே கடல். வீடு இல்லை, சாலையும் இல்லை. அங்கே ஏன் நிலையம்? 1943இல் எதிரெதிர் ரயில்கள் விலகிக்கொள்ளும் இடமாகத் தொடங்கியது அது. ரயிலை விலக்கும் தேவை போன பிறகும் நிறுத்தம் மிஞ்சியது. 2015இல் மூடும் பேச்சு வந்தபோது தொயோவுரா என்ற சிற்றூர் நிர்வாகம் செலவை ஏற்று அதை மூடாமல் காப்பாற்றியது. காரணம், இதைத் தேடிவரும் ஆட்கள்.

இப்படி எட்டாத இடத்தில் இருப்பவற்றை ஹிக்யோ-எகி, அதாவது மறைவிட நிலையம் என்கிறார்கள். எல்லா ஆளில்லா நிலையமும் ஹிக்யோ-எகி அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். குன்மா மாநிலத்தின் தொவாய் நிலையத்துக்கு இதில் தனி இடம். வடக்கே போகும் ரயிலுக்கான பிளாட்பாரம் சுரங்கத்துக்குள் இருக்கிறது. மேலே வர 462 படி, பிறகு இன்னொரு 24 படி. லிஃப்ட் கிடையாது. ஊழியர் இருந்த காலத்தில் அந்த ரயிலுக்கான வாசலைப் பத்து நிமிடம் முன்பே சாத்திவிடுவார்களாம். அதற்குப் பிறகு இறங்கினால் எப்படியும் ரயிலைப் பிடிக்க முடியாது. 1985 முதல் அங்கே சாத்த ஆளில்லை. நேரத்தை நாமே கணக்குப் பார்த்து இறங்க வேண்டியதுதான்.

இந்த நிலையங்களின் காத்திருப்பு அறைகளில் பல இடங்களில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கும். எகி-நோட் என்பார்கள். வந்தவர்கள் தேதி போட்டு நாலு வரி எழுதிவிட்டுப் போவார்கள். நோட்டு தீர்ந்தால் ஊர்க்காரரோ ரசிகரோ புதிது வைப்பார். பெஞ்சில் தையல் மெத்தை போட்டிருந்தால் அதையும் யாரோ ஒரு பாட்டி தைத்திருப்பார்.

போன் செய்துவிட்டு வாருங்கள்

படங்களில் தெரியாத ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. இந்த அமைதி எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை.

பிளாட்பாரத்துக்கும் ரயிலுக்கும் நடுவே இடைவெளியும் உயர வித்தியாசமும் இருக்கும். நடக்க முடிந்தவர்களுக்கு அது ஒரு எட்டு. சக்கர நாற்காலியில் வருபவருக்கு யாராவது சாய்வுப் பலகை போட வேண்டும். ஊழியர் இருந்தால் அவர் போடுவார். இல்லாத நிலையத்தில், எந்த ரயிலில் வருகிறேன் என்று முன்கூட்டியே போன் செய்து சொல்ல வேண்டும். வேறு நிலையத்திலிருந்து ஊழியர் பலகையோடு வருவார். நினைத்த நேரத்தில் கிளம்பிப் போவது என்பது அவருக்கு இல்லை. கண் தெரியாதவருக்கும் இதே சிக்கல்தான். பிளாட்பாரத்தில் தடுமாறினால் குரல் கொடுக்க அங்கே ஆள் இல்லை.

2020 செப்டம்பரில் ஒயிட்டா நகரில் சக்கர நாற்காலியில் செல்லும் சிலர் இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். நிலையங்களிலிருந்து ஊழியரை எடுப்பது, நினைத்த இடத்துக்குப் போகும் எங்கள் உரிமையைப் பறிக்கிறது என்பது அவர்கள் வாதம். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆள் குறைப்பில் மிச்சமாகும் பணத்தின் விலையை ஒரு சிலரே தங்கள் நேரத்தால் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

2022 ஜூலையில் ஜப்பான் போக்குவரத்து அமைச்சகம் ஆளில்லா நிலையங்களுக்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் சொல்லப்பட்ட வழிகளில் ஒன்று, சாய்வுப் பலகையை ரயிலிலேயே வைத்துக்கொண்டு ரயில் பணியாளரே இறங்கிவந்து உதவுவது. வான்மன் ரயிலில் அந்தப் பணியாளர் யார் என்று உங்களுக்கே தெரியும். காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அதே ஓட்டுநர்தான்.